பச்சை கேட்டுக்கு எதிர்வீடு

மார்ச் 3, ஞாயிறு

எதிர் மாடியில் இருப்பவருக்கு,

உங்கள் ஜன்னல் ஒரு விரல் அகலம் திறக்கிறது. எங்கள் குழுத் தலைவர் தெருவில் நின்று வாசிக்கத் தொடங்கும்போது திறக்கிறது, வாசித்து முடித்ததும் மூடிக்கொள்கிறது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துவிட்டேன். முதல் தடவை காற்று என்று நினைத்தேன். காற்றுக்கு அவ்வளவு சரியாக நேரம் தெரியாது.

நான் யார் என்று சொல்லாமல் எழுதுவது மரியாதை இல்லை. ஞாயிறு காலை ஆறே காலுக்கு உங்கள் தெருவில் இருபது பேர் ஓடி வந்து, பதினான்காம் எண் வீட்டின் பச்சை கேட் முன்னால் நின்று மூச்சு வாங்குவார்களே, அந்தக் கூட்டத்தில் கடைசியாக வருகிறவள். இந்த ஊரில் வாழ்ந்த குயர் எழுத்தாளர்களின் வீடுகளைத் தேடித் தேடி ஓடுகிற குழு எங்களுடையது. பெண்ணை நேசித்த பெண்கள், ஆணை நேசித்த ஆண்கள், இரண்டிலும் அடங்காதவர்கள் எல்லோரும் அதில் சேர்த்தி. எட்டு கிலோமீட்டர், ஐந்து நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் நின்று அங்கே இருந்தவர் எழுதியதில் ஒரு பக்கம் வாசிப்போம். ரகசியப் பத்திரிகை அச்சடித்த ஓர் அச்சகம் இருக்கிறது. இரண்டு கவிஞர்கள் அண்ணன் தம்பி என்று சொல்லிப் பதினாறு வருடம் ஒரே அறையில் தங்கியிருந்த விடுதி இருக்கிறது. உங்கள் தெரு நான்காவது நிறுத்தம்.

குழுவில் என் பெயர் வால். கடைசியில் ஓடி, யாரும் பின்தங்கிப் போய்விடாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீரும் பேண்டேஜும் இருக்கிற பையைச் சுமக்கிறவருக்கு அந்தப் பெயர். வாயே திறக்காத பெண்ணைப் போய் வால் என்கிறார்களே என்று அம்மா சிரித்தாள். நிற்கிற இடத்தில் எல்லோரும் வீட்டைப் பார்ப்பார்கள். வால் மட்டும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டி ஏதாவது வருகிறதா என்று சாலையைப் பார்க்க வேண்டும். அதனால்தான் உங்கள் ஜன்னல் எனக்கு மட்டும் தெரிகிறது.

எங்கள் சத்தம் தொந்தரவாக இருந்தால் எழுதுங்கள். தலைவரிடம் தெரிவிக்கிறேன். ஜன்னலுக்கு உள்ளே வரிசையாக வெள்ளையாக இருக்கிறவை என்ன என்று தெரிந்துகொள்ளவும் ஆசை. கேட்கக் கூடாததாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எனக்கு வயது பதினேழு. மாமாவின் சலவைக் கடையில் வேலை செய்கிறேன். கடையின் முகவரி பின்பக்கம் இருக்கிறது.

வால்


மார்ச் 6, புதன்

வாலுக்கு,

சத்தம் தொந்தரவுதான். இருபது பேர் சேர்ந்து மூச்சு வாங்கினால் குதிரை லாயம் மாதிரி இருக்கிறது.

வெள்ளையாக இருக்கிறவை பற்கள். நான் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் ஆட்களைக் கடிக்க வைத்து அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி வாயின் மாதிரியை எடுத்து, அதன் மேல் மெழுகில் பல் அடுக்குவது என் வேலை. காலை வெயில் அந்த ஜன்னலில்தான் விழுகிறது, பிளாஸ்டர் அங்கேதான் காயும். தெருப் பிள்ளைகள் பல்லுக்காரம்மா என்பார்கள். நீயும் அப்படியே எழுது.

இப்போது நான் கேட்கிறேன். பதினான்காம் எண்ணுக்கு முன்னால் எதற்காக நிற்கிறீர்கள்? அந்த வீட்டில் நாற்பது வருடமாக ஓர் ஆடிட்டர் குடும்பம் இருக்கிறது. முதல் தடவை உங்கள் கூட்டத்தைப் பார்த்த ஆடிட்டர் மனைவி, வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்களா என்று உள்ளே போய் எண்ணிப் பார்த்தாளாம். நீங்கள் தேடுகிறவள் அந்த வீட்டு வாசல்படியைக்கூட மிதித்தது கிடையாது.

வாசிக்கிற ஆளின் குரல் பாதிதான் மேலே வருகிறது. அவர் என்ன வாசிக்கிறார்? வாசித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நாலு வாக்கியம் சொல்கிறாரே, அது என்ன? போன வாரம் அதைக் கேட்டு ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஒரு வார்த்தை விடாமல் எழுது.

பல்லுக்காரம்மா


மார்ச் 10, ஞாயிறு

பல்லுக்காரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நாங்கள் எல்லோரும் அந்த எழுத்தாளரை 'அவர்' என்போம். நீங்கள் 'தேடுகிறவள்' என்று எழுதியிருந்தீர்கள். முகம் தெரியாதவர்களை யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

எங்கள் தலைவரைக் குழுவில் விசில் அண்ணன் என்போம். வாரம் முழுவதும் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் விசில். பதினான்காம் எண்ணைக் கண்டுபிடித்தது அவர்தான். எழுத்தாளரின் ஒரே புத்தகத்தில் ஒரு கதை ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பச்சை கேட்டில் தொடங்கும். கேட்டின் மூன்றாவது கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அண்ணன் ஒரு வருடம் தெருத் தெருவாக ஓடி, மூன்றாவது கம்பி வளைந்த பச்சை கேட்டைத் தேடிக் கண்டுபிடித்தாராம். கண்டுபிடித்த அன்றைக்கு நடுச்சாலையில் குதித்தாராம். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தான் குடியிருக்கிற வீட்டின் கேட்டை ஜன்னல் வழியாகப் பார்த்து யார் எழுதுவார்கள்? எதிர்வீட்டு கேட்டைத்தான் அப்படிப் பார்க்க முடியும். இருபது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

அண்ணன் வாசிப்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கிற கடிதம். எழுத்தாளர் இறந்த பிறகு அவருடைய தம்பி அதைச் சேர்த்து வெளியிட்டார். 'நீ போய்விட்டாய். உன் தலையணையை எதிர்ச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு அதோடு சண்டை போடுகிறேன்' என்று தொடங்கும். 'இனி இந்த வீட்டில் நான் மட்டும்தான்' என்று முடியும்.

பிறகு அண்ணன் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு எழுதவே கஷ்டமாக இருக்கிறது. "இவங்க நேசிச்ச பொண்ணு இவங்கள விட்டுட்டுப் போயிட்டாங்க. யாரு, எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியாது. இவங்க தனியாவே இருந்து, தனியாவே செத்துப் போனாங்க. ஒரு நிமிஷம் அமைதியா நிப்போம்." எல்லோரும் நிற்பார்கள். அந்த நிமிடம்தான் உங்கள் ஜன்னல் மூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல் 21 எழுத்தாளரின் நினைவு நாள். அன்றைக்குப் பதினான்காம் எண் சுவரில் ஒரு பித்தளைப் பலகை மாட்டப் போகிறார்கள். ஆடிட்டரின் மகன் சரி என்று சொல்லிவிட்டாராம். 'கைவிடப்பட்டு, தனிமையில், இங்கே வாழ்ந்து மறைந்தார்' என்று பலகையில் இருக்கும்.

நீங்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

வால்


மார்ச் 13, புதன்

வாலுக்கு,

கைவிடப்பட்டு. அந்த ஒரு வார்த்தையால் மூன்று நாளாக வேலை ஓடவில்லை. ஒருவருடைய கடைவாய்ப் பல்லை முன்னால் அடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விட்டுப்போனவள் நான்தான். பதினொரு நாள் போயிருந்தேன். என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. இவளுக்கு என் அம்மாவைப் பிடிக்காது. அம்மாவுக்கு இவளைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. அந்தக் கோபத்தில் எழுதிய கடிதம் அது. ஒரு நாள் தனியாக விட்டால் உலகமே அழிந்துபோன மாதிரி எழுதுகிற ஆள். அந்தக் கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் உண்டு. 'வியாழக்கிழமை வரை' என்று அது தொடங்குகிறது. அதற்குக் கீழே நான் வரும்போது வாங்கி வர வேண்டியவை: நீல நூல், உப்பு, இரண்டு பல்பு, எலிப்பொறி. எலிப்பொறிக்குப் பக்கத்தில் 'பெரியது' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள். பட்டியலுக்காக அந்தப் பக்கத்தை மட்டும் கடைக்கு எடுத்துப் போனேன், அது என் வேலைச் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. முதல் பக்கம் அவள் மேஜையில் கிடந்தது. தம்பி வந்து மேஜையோடு அள்ளிக்கொண்டு போனபோது அதுவும் போனது. அது கடைசிக் கடிதமும் இல்லை. அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தாள். எலிப்பொறி சின்னது என்று ஆறு வருடமும் சொல்லிக் காட்டினாள்.

இருபத்தேழு வருடம் ஒரே வீடு. அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. உடைந்த பல்லுக்காக வந்தாள், மூன்று பல் செய்து கொடுத்தேன், அப்புறம் போகவே இல்லை. தெருவில் கேட்டால் மாடியில் வாடகைக்கு இருக்கிற டெலிபோன் அம்மா. அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரையும் தெரிந்துகொள்ள நாங்கள் விட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் வராந்தா நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் மத்தியானம் ஒரு நர்ஸ் கிண்ணத்தில் எதையோ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இந்தப் பல்லு யாருது?" என்று கேட்டாள். அக்காவுக்குப் பொய்ப்பல் இருந்ததே தம்பிக்குத் தெரியாது. "எங்களோடது இல்ல" என்றான். "நான் செஞ்சது" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் அவள் போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

செய்து முடித்த மாதிரிகளை ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு உடைத்துப்போடுவது எங்கள் வழக்கம், இல்லையென்றால் வீடு முழுக்க வாயாகிவிடும். அவளுடைய மாதிரி 212ஆம் எண், அதை மட்டும் நான் உடைக்கவில்லை. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது, அவள் வாய் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

ஜன்னலைப் பற்றிக் கேட்டாய். எழுதியதை எல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் குனிந்து மெழுகு செதுக்கிக்கொண்டே கேட்பேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே வாசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆள் வாசிக்கும்போது குரல் அவருடையது, மூச்சு விடுகிற இடம் எல்லாம் அவளுடையது. அப்போது பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள். மரத்தரைப் பலகை அழுந்துகிற சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் போய்விடும்.

கேட்டுக்கொள். அந்தப் பித்தளைப் பலகை மாட்டக் கூடாது. என்னைப் பற்றியும் நீ வாய் திறக்கக் கூடாது. என் வீடு யாருக்கும் நிறுத்தம் ஆகாது. இரண்டையும் எப்படிச் செய்வாய் என்பது உன் பாடு.

பல்லுக்காரம்மா


மார்ச் 18, திங்கள்

பல்லுக்காரம்மாவுக்கு,

நேற்று முயற்சி செய்தேன். ஐந்தாவது நிறுத்தம் முடிந்து எல்லோரும் காபி குடிக்கிற இடத்தில், 'பலகை வேண்டாம்' என்று ஒரு சீட்டில் எழுதி விசில் அண்ணனிடம் நீட்டினேன். "ஏன் வால்?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். சுவரில் துளை போட்டால் விரிசல் விழும் என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டு, பத்து நிமிடம் துளை போடுகிற மெஷினைப் பற்றி விளக்கினார். நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

நீங்கள் உங்கள் விஷயத்தைச் சொன்னதால் என்னுடையதையும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் எனக்கு இரண்டாம் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே யோசிப்பாள். அவளுக்கு ஒரு கடிதம் எழுதி நோட்டுக்குள் வைத்திருந்தேன். கொடுக்கிற எண்ணம் இல்லை. நோட்டைத் திருத்தக் கொடுத்தபோது அதை எடுக்க மறந்துவிட்டேன். டீச்சர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். முழுவதும் வாசித்தார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்தபோது அவை என்னுடையவை மாதிரியே இல்லை. வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து, "எனக்கு இவளத் தெரியவே தெரியாது மிஸ்" என்று சொன்னாள். மறுநாள் முதல் நான் பள்ளிக்குப் போகவில்லை. கணக்கு வரவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா இன்றுவரை அதை நம்புகிறாள்.

அதனால் உங்கள் இரண்டு நிபந்தனைகளும் எனக்குப் புரிகின்றன. எப்படிச் செய்வது என்றுதான் புரியவில்லை.

உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. கடையில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. சலவைக்காரர்களுக்குப் பையைப் பார்த்தால் கைவிட்டுத் துழாவாமல் இருக்க வராது, மாமா என் சட்டையைக்கூட விடமாட்டார். ஆகவே ஓட்டப் பையில், பேண்டேஜ் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தப் பையை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

வால்


மார்ச் 21, வியாழன்

வாலுக்கு,

அந்த டீச்சர் எந்தப் பல் டாக்டரிடம் போகிறாள் என்று விசாரித்து எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடிதங்களை எரித்துவிடு. பேண்டேஜுக்கு அடியில் வைக்கிற சாமான் இல்லை அது. சலவைக் கடையில் அடுப்புக்கா பஞ்சம்? இன்றைக்கே எரி.

பல்லுக்காரம்மா


மார்ச் 24, ஞாயிறு

பல்லுக்காரம்மாவுக்கு,

நான் எரிக்கவில்லை. வியாழக்கிழமை எழுதியது வெள்ளிக்கிழமை வந்தது. அடுப்புக்கு முன்னால் இரண்டு தடவை போய் நின்றேன். ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் எரிக்கலாம், இன்னும் ஒரு தடவை வாசித்துவிட்டு எரிக்கலாம் என்று நினைத்தேன்.

இன்று இரண்டாவது நிறுத்தத்துக்கு முன்னால் கண்ணாடி போட்ட அக்கா ஒருவர் தடுக்கி விழுந்தார். முழங்கால் கிழிந்துவிட்டது. நான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். விசில் அண்ணன் பேண்டேஜ் எடுக்கப் பையைத் திறந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும்.

மேலாக இருந்தது உங்கள் நீளமான கடிதம். முதல் வார்த்தையே கைவிடப்பட்டு. அவர் அங்கேயே நின்று முழுவதும் வாசித்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "உயிரோட இருக்காங்க வால், உயிரோட இருக்காங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். போனில் படம் எடுத்துக்கொண்டார், கடிதத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுங்கள் என்று கையை நீட்டினேன். நான் வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இன்று மத்தியானம் உங்கள் வாசலில் மணி அடித்தது அவர்தான். வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். ஓடத்தான் எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

வால்


மார்ச் 26, செவ்வாய்

மணி நாலு தடவை அடித்தது. நான் தரையில் உட்கார்ந்து, விளக்கை அணைத்துவிட்டு, என் வீட்டிலேயே திருடி மாதிரி ஒளிந்திருந்தேன்.

இனி எழுதாதே.


ஏப்ரல் 1, திங்கள்

பல்லுக்காரம்மாவுக்கு,

எழுதாதே என்று சொன்னீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பிரிக்காமல் தூக்கிப் போட்டாலும் சரி. நேற்று உங்கள் ஜன்னல் மூடியிருந்தது, அதனால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

விசில் அண்ணன் வாரம் முழுக்கத் தூங்கவில்லை போல. எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தார். வழக்கமாக இருபது பேர் வருகிற ஓட்டத்துக்கு நேற்று முப்பத்தொரு பேர் வந்தார்கள். உங்கள் தெருவில் பச்சை கேட்டுக்கு முதுகைக் காட்டி, உங்கள் வீட்டைப் பார்த்து எல்லோரையும் நிற்க வைத்தார். சாலையைப் பார்க்க வேண்டிய நான் அன்றைக்கு மட்டும் அவர்கள் முகங்களைப் பார்த்தபடி நின்றேன். அவர் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தார். இத்தனை நாளாக உண்மை தெரியாமல் நின்றோம், இன்று விட்டுப்போனதாக நாம் சொன்னவருடைய சொந்த வார்த்தையிலேயே கேட்கப் போகிறோம் என்றார். சிலர் போனை உயர்த்திப் பிடித்தார்கள்.

நான் எப்படி நடுவில் போனேன் என்று தெரியவில்லை. தாள் மேல் கையை வைத்தேன்.

"வாசிக்காதீங்கண்ணா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நல்லதுக்குத்தான வால். அவங்க பேர்ல இருக்கிற பழிய நாமளே தொடைக்கிறோம்."

"எங்க டீச்சரும் நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆகவே சொன்னேன். முப்பத்தொரு பேருக்கு முன்னால், இரண்டாம் பெஞ்ச், நோட்டு, பென்சில், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கே தெரியாததைச் சொன்னேன். "எனக்கு எழுதுனது இது. உங்களுக்கு எழுதல. எழுதுனவங்க இங்கயே இருக்காங்க, கேட்டுக்கிட்டு இருக்காங்க. நானும் அன்னைக்கு அங்கயேதான் இருந்தேன்" என்றேன்.

உயர்த்திப் பிடித்த போன்கள் ஒன்று ஒன்றாகக் கீழே இறங்கின. கண்ணாடி அக்கா முதலில் திரும்பி நடந்தார். விசில் அண்ணன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தாளை என்னிடம் கொடுத்தார். போனில் இருந்த படத்தை என் கண் முன்னாலேயே அழித்தார். "ஒரு வருஷம் தேடுனேன் வால். தேடிக் கண்டுபிடிச்சிட்டா அது நம்மளோடதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். பலகை ஏற்கெனவே தயாராகிவிட்டதாம். அதை யாரும் பார்க்க மாட்டார்கள், அவரே அழித்துவிடுவதாகச் சொன்னார். உங்கள் தெரு இனி எங்கள் பாதையில் இல்லை. அந்தக் கடைசிக் கடிதத்தையும் இனி எங்கும் வாசிக்க மாட்டோம். உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் கேட்க முடியாது, எழுதுகிறேன் என்றேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்று காலை அடுப்பில் போட்டேன். மாமா என்ன எரிகிறது என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

வால்


ஏப்ரல் 17, புதன்

வாலுக்கு,

எழுதாதே என்றால் எழுதுகிறாய், எரி என்றால் எரிக்க மாட்டேன் என்கிறாய். நல்ல வேளை.

ஜன்னல் மூடியிருந்தது. நான் அதற்குக் கீழேதான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது. உனக்குக் குரல் இல்லை என்று யார் சொன்னது? ஆடிட்டர் மனைவி கேட்டைத் திறந்து பார்க்கிற அளவுக்கு இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு போய்விட்டது. ஆறே காலுக்கு ஜன்னலைத் திறந்தேன். யாரும் வரவில்லை. நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன், தெரியும். முதல் வாரம் ஒரு நாய் வந்து பச்சை கேட் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனது, அதற்கும் பழகிவிட்டது போல. இரண்டாம் வாரம் அதுவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் அழுந்தவில்லை. வாசிக்கிற குரல் நின்றதும் அவளும் வருவதை நிறுத்திவிட்டாள். ஒன்பது வருடம் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். தனியாக இருப்பது என்றால் என்ன என்று இந்த இரண்டு ஞாயிற்றில்தான் தெரிந்தது.

அவள் கதையை அவளே இல்லாமல் நான் வாசித்தது கிடையாது. புத்தகத்தை எடுக்கிறேன், முதல் வரியைத் தாண்ட முடியாமல் மூடிவிடுகிறேன். நீ வந்து வாசிப்பாயா? விசிலும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். நீ மட்டும் வா. இந்த ஞாயிறு 21. ஆறே முக்காலுக்கு வா. தெருக்கதவைத் திறந்தே வைக்கிறேன், மணி அடிக்காதே, அந்த மணிச் சத்தம் எனக்கு ஆகாமல் போய்விட்டது. நேராக மேலே ஏறி வா. செருப்பைக் கழற்ற வேண்டாம், படியெல்லாம் பிளாஸ்டர் தூள்.

அந்தக் கடிதத்தை மட்டும் வாசிக்க வேண்டாம். கதை ஏதாவது ஒன்று. எலி வருகிற கதை அவளுக்குப் பிடிக்கும்.

பல்லுக்காரம்மா


ஏப்ரல் 21, ஞாயிறு

பல்லுக்காரம்மாவுக்கு,

நான் ஏன் வரவில்லை என்று இன்று முழுவதும் நினைத்திருப்பீர்கள். திறந்து வைத்த கதவு சாத்தியிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வந்தேன். எலிக் கதையை நேற்றே நாலு தடவை சத்தமாக வாசித்துப் பழகியிருந்தேன், மாமா பயந்து போய் அம்மாவைக் கூப்பிட்டார். காலையில் வீட்டிலிருந்து ஓடிவந்தேன். கடைசி ஆளாக ஓடியே பழகிவிட்டதால் என் சொந்த வேகம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஆறரைகூட ஆகவில்லை. கதவு திறந்திருந்தது. நீங்கள் சொன்னபடி மணி அடிக்காமல் ஏறினேன்.

பாதிப் படியில் உங்கள் குரல் கேட்டது. நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். முதல் வரியை எப்போதோ தாண்டியிருந்தீர்கள். யாராவது கூட இருக்கிறார்கள் போலிருக்கிறது, இறங்கிப்போய்க் காத்திருக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீங்கள் நிறுத்தினீர்கள். ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது. பிறகு, "ஆமா, உனக்கு எல்லாத்துலயும் குத்தம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். விட்ட இடத்திலிருந்து மறுபடியும் வாசித்தீர்கள். மேலே தரைப் பலகை அழுந்துகிற சத்தம் கேட்டது. அது நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை.

நான் கேட்டது இவ்வளவுதான். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாது, கதையா கடிதமா என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் போதும்.

திரும்பாமல் பின்னோக்கியே படி இறங்கினேன். வெளியே வந்து, உங்கள் தெருக்கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்தினேன்.

வால்